வயரைத் தின்ற தெர்மாகோல்

சனிக்கிழமை காலை, மரத்தை வளைவாக அறுக்கிற ஜிக்ஸா மெஷினை எடுக்கலாம் என்று பரணில் ஏறினேன். பூஜை அலமாரிக்கு மேல்வளைவு ஒன்று அறுக்க வேண்டியிருந்தது. மெஷின் வாங்கி ஆறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்ததும் துடைத்து, வயரைச் சுருட்டி, வந்த தெர்மாகோல் அச்சிலேயே உட்கார வைத்து, அதே அட்டைப் பெட்டியில் மூடி வைத்துவிடுவேன். கடையிலிருந்து வந்தபடியே இருக்கணும் என்கிற ஆசை. கடைசியாக எடுத்து இரண்டு வருடம் இருக்கும்.

பெட்டியைத் திறந்து மெஷினைத் தூக்கினால் தெர்மாகோலும் கூடவே வந்தது. வயர் கிடந்த இடமெல்லாம் தெர்மாகோல் கரைந்து, மண்ணில் வாய்க்கால் வெட்டினது மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. அந்தப் பள்ளத்துக்குள் வயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல இழுத்தேன், வெள்ளைத் துணுக்குகளோடு பிய்ந்து வந்தது. ஒட்டின பக்கம் பிசுபிசுப்பு. மற்ற இடமெல்லாம் குச்சி மாதிரி விறைப்பு. கைப்பிடிக்குப் பக்கத்தில் லேசாக வளைத்தேன். உறையில் மயிரிழை அளவுக்குக் கீறல் விட்டது.

பரண் சூடுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். எங்கள் வீடு ஒற்றை மாடி, பரணுக்கு நேர் மேலே மொட்டைமாடித் தளம், வெளியே கத்திரி வெயில். ஒரு தெர்மாமீட்டரை மேலே வைத்துப் பார்த்ததில் மதியம் மூன்று மணிக்கு 43 டிகிரி காட்டியது. மனுஷனுக்கு அது அதிகம்தான். தெர்மாகோல் இளகுவதற்கு அது போதாது, 80 டிகிரி பக்கம் போக வேண்டும். பெட்டியின் மற்ற மூலைகளில் தெர்மாகோல் கூர்மை குறையாமல் அப்படியே இருந்தது. வயர் தொட்ட இடம் மட்டும்தான் கரைந்திருந்தது.

காரணம் வயருக்குள் இருக்கிறது. வயரின் மேல்உறை பி.வி.சி. சுத்தமான பி.வி.சி. என்பது நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி விறைப்பான சரக்கு. அதை வளைகிற வயராக மாற்றுவதற்கு எண்ணெய் மாதிரியான ஒரு மென்மையாக்கியைக் கலக்கிறார்கள், பிளாஸ்டிசைசர் என்பது அதுதான். அது பி.வி.சி.யோடு கெட்டியாகப் பிணைந்து இருப்பதில்லை. பக்கத்தில் தன்னை ஏற்றுக்கொள்ளும் பொருள் தொட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் இறங்கிவிடும். தெர்மாகோல் என்பது ஊதிப் பெருக்கிய பாலிஸ்டைரின், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு காற்று. மென்மையாக்கி உள்ளே போனதும் அந்த மெல்லிய சுவர்கள் இளகி அமுங்கிவிடுகின்றன. வயரோ இருந்த எண்ணெயை இழந்து விறைக்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கிற வேலை இது. சூடு சேர்ந்தால் வேகம் கூடும். சுவரில் தெர்மாகோல் பலகை பதிக்கும்போது கரண்ட் வயர் அதைத் தொடாமல் குழாய்க்குள் விடச் சொல்வதும் இதற்காகத்தான்.

மெஷின் முதலில் வந்தபோது வயர் ஒரு பாலிதீன் பைக்குள் சுருட்டியிருந்தது ஞாபகம் வந்தது. அந்தப் பையைத்தான் முதல் நாளே கிழித்துக் குப்பையில் போட்டேன். பெட்டி, தெர்மாகோல், உள்ளே இருந்த அட்டைத் தடுப்பு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினேன். வயரையும் தெர்மாகோலையும் பிரித்து வைத்த அந்த மெல்லிய பையை மட்டும் விட்டுவிட்டேன்.

வளைவு அறுப்பதை ஒத்திவைத்துவிட்டு, பரணில் இருந்த அத்தனை பெட்டியையும் கீழே இறக்கினேன். பதினேழு பெட்டி, கருவிகள் பதினொன்று. மீதி ஆறும் காலி. அதில் இரண்டு, விற்றுவிட்ட மெஷின்களுடையவை.

இவையெல்லாம் எப்போது பரணுக்குப் போயின என்றும் சொல்ல வேண்டும். முன்பு மாடிப்படிக்கு அடியில் தரையில்தான் அடுக்கியிருந்தேன். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர் கண்மாய், பந்தல்குடி வாய்க்கால் பக்கமெல்லாம் தெருவும் வீடும் ஒன்றாகத் தண்ணீரில் நின்றன. எங்கள் தெருவில் படிக்கட்டு வரை ஏறி, கதவிடுக்கு வழியாக அரை அடி உள்ளே வந்தது. கீழ் வரிசைப் பெட்டிகள் தண்ணீரைக் குடித்து உப்பிவிட்டன. மெஷினைக் காப்பாற்றும் என்று நினைத்த அட்டைதான் ஈரத்தை உறிஞ்சி, வடிந்த பிறகும் நாலு நாள் மெஷினோடு ஒட்டவைத்துக்கொண்டிருந்தது. டிரில்லில் பிட்டைக் கவ்வுகிற சக்கில் செம்பழுப்புத் துரு படிந்தது அப்போதுதான். அதன் பிறகே எல்லாம் பரணுக்கு ஏறின. தண்ணீரிலிருந்து தப்பித்து வெயிலில் மாட்டிக்கொண்டன.

முதலில் ஜிக்ஸாவைப் பிழைக்க வைக்கும் வேலை. பழைய வயரை ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்ற எண்ணமே வேண்டாம். உறை விறைத்துவிட்டால் இன்று ஒரு கீறல், நாளை இன்னொன்று. கையில் பிடிக்கிற சாமானில் அந்த விளையாட்டு கூடாது. மேலமாசி வீதிப் பக்கம் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு சதுர மி.மீ. இரண்டு கோர் (உள்ளே இரண்டு தனிக் கம்பி) வட்ட வயர் நாலு மீட்டரும், அச்சு வார்த்த இரண்டு பின் பிளக்கும் வாங்கினேன். இந்த ஜிக்ஸாவின் பெயர்ப்பலகையில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும். இரட்டைக் காப்பு என்று அர்த்தம், எர்த் வயர் கிடையாது, அதனால் இரண்டு கோர் போதும். அந்தக் குறி இல்லாத இரும்பு உடம்பு மெஷினுக்கு இரண்டு கோர் போட்டுவிடக் கூடாது.

கைப்பிடியைப் பிரிக்க நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, டி-15 பிட். எட்டு ஸ்க்ரூவில் ஒன்று மட்டும் நீளம் குறைவு, அதைத் தனியாக வைத்தேன். மூடியைத் தூக்கும் முன்பு ஒரு போட்டோ. தூக்கிய பிறகு இன்னொன்று. சுவிட்சின் இரண்டு முனையிலும் வயர் ஸ்க்ரூவில் பிடித்திருந்தது. அதற்கு முன்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் பட்டை வயரின் மேல்உறையை அழுத்திப் பிடிக்கும். இந்தப் பட்டைதான் முக்கியம். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால் இழுவிசை சுவிட்ச் முனைக்குப் போகாமல் இதுதான் தாங்கும். பழைய வயரைவிடப் புதியது அரை மி.மீ. பருமன் கூட. பட்டை உட்கார மறுத்தது. பட்டையின் உள்பக்கத்தை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்ததும் அமர்ந்தது. வயர் நுழையும் ரப்பர் கழுத்து கெட்டுப்போகாமல் இருந்தது. உள்ளே கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி, புது வயரை நுழைத்தேன். மூடிய பிறகு மல்டிமீட்டரில் பிளக்கின் இரண்டு பின்னுக்கும் நடுவே சுவிட்சை அமுக்கிப் பார்த்தேன், மோட்டார் சுருளின் தடை காட்டியது. பின்னுக்கும் பிளேடு பிடிக்கும் இரும்புக்கும் நடுவே ஒன்றும் காட்டவில்லை. இரண்டும் சரி. ஓடவிட்டால் பழைய குரலிலேயே ஓடியது.

அந்தச் சந்தோஷத்தோடு மெஷினைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்கப் போனேன். பழைய வயர் இரண்டு மீட்டர், இப்போது நாலு. அச்சில் அதற்கு இடமே இல்லை. எப்படிச் சுருட்டினாலும் மூடி ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு நின்றது.

பெட்டியைத் தரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் இந்தப் பெட்டிகளை நான் எதற்காகப் பாதுகாத்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டது அன்றுதான். பெட்டியைச் செய்தவர்களிடம் கேட்டால் பதில் நேராக வரும்: தொழிற்சாலையிலிருந்து லாரி, லாரியிலிருந்து குடோன், குடோனிலிருந்து கடை, கடையிலிருந்து உங்கள் வீடு. அவ்வளவு தூரம் மெஷின் கீழே விழுந்தாலும் உடையாமல் வருவதற்காகச் செய்தது. மூணு பிளை, அஞ்சு பிளை அட்டையும் இரண்டு இஞ்ச் தெர்மாகோலும் அந்தப் பயணத்தில் நன்றாகவே வேலை செய்கின்றன. வருடக்கணக்கில் மதுரை வீட்டில் கிடப்பது அந்தக் கணக்கில் இல்லாத வேலை. அதனால் ஒவ்வொரு பெட்டியையும் எடுத்து, இனி இது என்ன வேலை செய்யும் என்று கேட்டே பிரிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்து எடுத்தது ஏ.ஜி.4 கிரைண்டரின் பெட்டி, இரும்பு அறுக்கிற, நாலு இஞ்ச் வட்டு மாட்டுகிற மெஷின். தூக்கும்போதே கனம் குறைந்த மாதிரி இருந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கரையான் தின்று, மேல்காகிதம் மட்டும் தோலாக நின்றது. உள்ளே மண்ணும் புழுதியும். அட்டை என்பது மரக்கூழ்தானே, கரையானுக்கு அது விருந்து. சுவர் மூலையில் கோடு ஏறி வந்திருக்கிறது, பெட்டி சுவரை ஒட்டி இருந்ததால் கண்ணில் படவே இல்லை. நல்ல வேளை, கிரைண்டரின் காற்றுத் துவாரம் வழியாக மண் மோட்டாருக்குள் போகவில்லை.

அதே பெட்டியில் பிரிக்காத கட்டிங் வட்டு பத்து இருந்தது. நடு ஓட்டையைச் சுற்றியுள்ள இரும்பு வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும், ஆங்கில ‘வி’ எழுத்துக்குப் பக்கத்தில். இது ரொம்பப் பேர் கண்ணில் படுவதில்லை. வட்டின் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின். ஈரம் பட்டாலும் நாள் ஆனாலும் அதன் பிடிப்பு தளரும். தயாரித்ததிலிருந்து மூன்று வருடம் என்பது வழக்கமான கெடு. என் கையில் இருந்த பத்தும் கெடு தாண்டியவை, அதிலும் வெள்ளத்தில் நனைந்த பெட்டியில் இருந்தவை. ஏ.ஜி.4 சும்மா சுற்றும்போது நிமிடத்துக்கு 11,000 சுற்று. 100 மி.மீ. வட்டின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு துண்டு பிய்ந்தால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்தையும் இரண்டாக உடைத்துப் போட்டேன், வேறு யாரும் பொறுக்கி மாட்டிவிடக் கூடாது என்பதற்காக. நல்ல வட்டுகளை இப்போது மூடி இறுகிய ஒரு எவர்சில்வர் டப்பாவில் படுக்க வைத்திருக்கிறேன்.

அந்தக் கிரைண்டர் பெட்டியில் இன்னொன்றும் கிடைத்தது. கையேட்டோடு சேர்த்து மடித்த பாலிதீன் உறைக்குள் ஒரு ஜோடி கார்பன் பிரஷ், சுழல்கிற மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கிற கரித்துண்டு. போன வருடம் பிரஷ் தேய்ந்து கிரைண்டர் விட்டுவிட்டு ஓடியபோது இரண்டு கடை அலைந்து, அளவு ஒத்துவராத பிரஷ்ஷை உப்புத்தாளில் தேய்த்துப் போட்டேன். சரியானது அத்தனை நாளும் தலைக்கு மேலே பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. சின்னச் சாமான்களைப் பெட்டியோடு விட்டால் இதுதான் கதி. சக் சாவி, பக்கக் கைப்பிடி, ஆழம் அளக்கிற கம்பி, வட்டு கழற்றுகிற இரண்டு முனை ஸ்பேனர், ஜிக்ஸாவின் ஓர வழிகாட்டி எல்லாம் நெளிந்த அட்டை மடிப்புகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அன்றே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜிப் பை எடுத்து, அதன் சில்லறைச் சாமானைப் போட்டு, மெஷின் பெயரை மார்க்கரில் எழுதினேன். ஏ.ஜி.4-இன் தண்டு 10 மி.மீ. மரை, அஞ்சு இஞ்ச் வட்டு மாட்டுகிற ஏ.ஜி.5-இன் தண்டு 14. இரண்டின் வாஷரும் நட்டும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தால் அவசரத்தில் எதையாவது மாட்டத் தோன்றும். அதற்காகவே தனித்தனிப் பை.

பிளாஸ்டிக் பெட்டிகளின் விஷயம் வேறு. ஹேமர் டிரில், கார்ட்லெஸ் டிரில் இரண்டும் கெட்டி பிளாஸ்டிக் சூட்கேஸில் வந்தவை. கரையான் தொடாது, தண்ணீரை உறிஞ்சாது, கைப்பிடி இருக்கிறது. ஹேமர் டிரில்லின் பெட்டியில் 10 மி.மீ. தண்டுள்ள பிட்கள் வரிசையாக அமர இடமும், தண்டில் தடவுகிற கிரீஸ் டியூபுக்கு ஒரு பள்ளமும் உண்டு. அக்கா வீட்டில் திரைக்கம்பி மாட்ட வேண்டும் என்றால் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினால் போதும், எதுவும் விட்டுப்போகாது. அது பெட்டி என்பதைவிடக் கருவியின் ஒரு பாகம். அதை வைத்துக்கொள்வதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கார்ட்லெஸ் பெட்டியைத் திறந்தபோது மனசு கனத்தது. 18 வோல்ட் பேட்டரி இரண்டையும் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பரணில் வைத்திருந்தேன். ஒன்று சார்ஜ் ஏறியது. இன்னொன்றை சார்ஜர் ஏற்கவே இல்லை, சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது. உள்ளே ஐந்து செல் தொடராக இருக்கிறது, வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே இறங்கிவிட்டால் பாதுகாப்புக்காக சார்ஜர் மறுத்துவிடும். காலி சார்ஜோடு, அந்தச் சூட்டில், ஒரு வருடத்துக்கு மேல். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், வீட்டில் குளுமையாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும். பெட்டியில் அதற்கென்று அழகாக ஒரு குழி இருப்பதால் அங்கேயே வைத்தேன். இப்போது நல்ல பேட்டரி ஹாலில் புத்தக அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. முனைகளை மூடுகிற கறுப்பு பிளாஸ்டிக் மூடியையும் தேடி எடுத்து மாட்டினேன். ஆணி, ஸ்க்ரூ கிடக்கிற இடத்தில் திறந்த முனையோடு பேட்டரியைப் போடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ஆசாரி அண்ணன் வந்தார். முப்பது வருடமாகக் கதவு, ஜன்னல், கட்டில் என்று வேலை செய்கிறவர். அவருடைய மெஷின் எல்லாம் மூடி போட்ட இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில்தான் இருக்கும், ஒவ்வொன்றையும் பழைய கைலித் துணியில் சுற்றியிருப்பார். தரை முழுக்கப் பரவியிருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

“என்ன தம்பி, கடை போட்டுட்டிய?”

“பெட்டிய வச்சுக்கிறதா போடுறதான்னு பாக்குறேண்ணே. ஒங்ககிட்ட ஒண்ணுகூட இல்லையே.”

“சைட்டுல பொட்டியத் தெறந்து, தெர்மாகோலப் பிரிச்சு, திரும்ப அடுக்கி வைக்க நேரமேது? பக்கெட்டுன்னா பைக்குல மாட்டலாம். மழை பேஞ்சா மூடி இருக்கு. தண்ணி வேணும்னா அதுலயே மோந்துக்கிறலாம், நின்னு வேலை பாக்கக் கவுத்திப் போட்டா ஸ்டூலு.”

விற்கும்போது பெட்டி இருந்தால் நல்ல விலை வருமே என்று கேட்டேன். என் மனசில் இருந்த கடைசி வாதம் அதுதான்.

“நான் எம்புட்டுப் பழைய மெஷின் வாங்கிருக்கேன் தம்பி. ஒருநாளும் பொட்டி கேட்டதில்ல. பில்லு இருக்கான்னுதான் கேப்பேன். சைட்டுல மெஷின் காணாமப் போறது அம்புட்டு சாஸ்தி. திருட்டுச் சாமானை வாங்கி வச்சு நான் ஸ்டேஷன்ல போயி நிக்கவா? பில்லக் காட்டு, ஓட்டிக் காட்டு, பிரஷ்ஷக் கழட்டிக் காட்டு. அம்புட்டுதான்.”

அவர் சொன்னது என் அனுபவத்தோடும் ஒத்துப்போனது. முன்பு விற்ற இரண்டு மெஷினில் ஒன்றை ஒத்தக்கடையிலிருந்து வந்த ஒருவர் வாங்கினார், பெட்டி வேண்டாம் என்று அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதுதான் பரணில் இருந்த காலிப் பெட்டிகளில் ஒன்று. வெளியூர் ஆளுக்குக் கூரியரில் அனுப்புவதாக இருந்தால் பெட்டி உதவும், அதை மறுக்கவில்லை. அப்படி ஒரு விற்பனை ஐந்து வருடத்தில் ஒரு தடவை வரலாம். அதற்குக் கடையில் ஒரு பழைய அட்டைப்பெட்டி கேட்டால் தருவார்கள், பழைய துணியை அடைத்து அனுப்பிவிடலாம்.

வாரண்டி பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் பெட்டியை வைத்திருக்கிற பாதிப் பேர் அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். என் டிரில்லில் நாலாவது மாதம் சுவிட்ச் கெட்டுப்போனபோது பெட்டியோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். அவர்கள் பார்த்தது பில்லும் மெஷின் மேல் இருக்கிற சீரியல் நம்பரும். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பில் சூட்டுத்தாளில் அச்சடித்தது, பர்ஸில் இருந்து வெளிறி, தேதி இருந்த இடம் வெறும் வெள்ளையாகிவிட்டது. வாங்கின கடையில் கம்ப்யூட்டரில் தேடி மறுபடி எடுத்துக் கொடுத்ததால் தப்பித்தேன். பெட்டியைப் பத்திரப்படுத்திய கவனத்தில் பாதியைப் பில்லுக்குக் கொடுத்திருந்தால் அந்த அலைச்சல் இல்லை. இப்போதெல்லாம் வாங்கின அன்றே பில்லை ஜெராக்ஸ் எடுத்து, போட்டோவும் எடுத்துவிடுகிறேன்.

ஆனால் அட்டைப் பெட்டியில் ஒரு பக்கம் மட்டும் வைத்துக்கொள்ளத் தக்கது. மாடல், சீரியல் நம்பர், தயாரித்த மாதம், வருடம், அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் தொடர்பு எண் எல்லாம் அச்சடித்த லேபிள் ஒட்டிய பக்கம். மாதம், வருடம், விலை, தயாரித்தவர் முகவரி ஆகியவற்றை 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகளே கட்டாயமாக்கியிருக்கின்றன. மெஷின் மேல் இருக்கிற பெயர்ப்பலகை கையில் தேய்ந்து, சிமெண்ட் அப்பி, இரண்டு வருடத்தில் படிக்க முடியாமல் போகும். ஸ்பேர் கேட்கும்போது மாடலின் எண்தான் வேண்டும். பாஷ் கருவிகளில் அது பத்து இலக்கம், ஒரு இலக்கம் மாறினால் வேறு ஆர்மெச்சர் (மோட்டாரில் சுழல்கிற பாகம்) வந்து சேரும். அதனால் கத்தியால் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். அதோடு பில் நகல், கையேடு, பாகங்களைப் பிரித்துக் காட்டுகிற படத்தாள். ஒரு கருவிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, எல்லாம் ஒரே ஃபைலில். அட்டைப் பெட்டிகள் அடைத்திருந்த இடம் இரண்டு விரற்கடைப் பருமனுள்ள ஃபைலாகச் சுருங்கியது.

கருவிகளுக்கு இடம் வேண்டுமே. மாடிப்படி அடியில் பழைய சுவரிலேயே, தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில், நாலுக்கு மூன்று அடியில் 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று அடித்தேன். தண்ணீர் தாங்குகிற பி.டபிள்யூ.ஆர். ரகம். நேராகச் சுவரில் ஒட்டாமல், பின்னால் ஒரு இஞ்ச் ரீப்பர் வைத்து இடைவெளி விட்டேன். கரையான் கோடு ஏறினால் டார்ச் அடித்தால் தெரியும். சுவரில் ஃபிஷர் (ஸ்க்ரூவைப் பிடிக்கிற பிளாஸ்டிக் உறை) போட்டு ஆறு இடத்தில் முடுக்கினேன். கிரைண்டருக்குக் கழுத்து உட்காரும் அளவுக்கு யு வெட்டிய ஒரு தட்டு. ஜிக்ஸாவுக்குப் பிளேடு கீழே இறங்குகிற அளவுக்குப் பிளவுள்ள தட்டு, அதன் அடித்தகடு மேலே அமரும். இதன் வெட்டுகள் எல்லாம் புது வயர் போட்ட அந்த ஜிக்ஸாவிலேயே அறுத்தவை, நாலு மீட்டர் வயர் மேசையைச் சுற்றி வரப் போதுமானதாக இருந்தது. வயர்களை எட்டு வடிவில் சுருட்டித் தனி ஆணியில் தொங்கவிட்டேன். முன்னால் பழைய வேட்டியைத் திரையாகப் போட்டேன், தூசிக்கு. கருவியை எடுக்க இப்போது ஏணி வேண்டாம், பெட்டி பிரிக்க வேண்டாம். இரண்டு நாளில் நாலு முறை எடுத்துவிட்டேன். முன்பு ஒரு ஸ்க்ரூவுக்காகப் பரண் ஏற அலுப்புப்பட்டுத் தள்ளிப்போட்ட வேலைகள் அவை.

ஒரு அட்டைப் பெட்டியை மட்டும் வெட்டவில்லை.

அது மாமாவுடையது. என் அம்மாவின் தம்பி, சிம்மக்கல் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். அவருடைய ரல்லி உல்ஃப் டிரில், அலுமினிய உடம்பு, மூன்று பின் பிளக், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும். அவர் போன பிறகு அத்தை அதை என் கையில் கொடுத்தார். பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் பென்சிலில் மாமாவின் கையெழுத்து: “பிரஷ் மாத்தியது 12-3-94.” அதற்குக் கீழே 97, அதற்குக் கீழே 2001. பேரிங் மாற்றிய தேதி தனியாக. ஒரு மூலையில், யாருக்கு இரவல் கொடுத்தார் என்பதும், பக்கத்தில் “வந்தது” என்று ஒரு டிக் குறியும். அந்த மெஷினின் ஜாதகமே அந்த மூடியில்தான் இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்து, அத்தை துணி நாடா ஒட்டித் தைத்து வைத்திருந்தார்.

அதை ஒரு பழைய ட்ரங்குப் பெட்டிக்குள் வைத்தேன், மெஷினைத் தனியாக. மூடியைப் போட்டோ எடுத்துக்கொண்டேன். கடைசித் தேதிக்குக் கீழே நான் போன தையில் பிரஷ் மாற்றிய தேதியை என் கையெழுத்தில் எழுதலாமா என்று ரொம்ப நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதினேன்.

திங்கட்கிழமை பழைய பேப்பர்காரர் வண்டியோடு வந்தார். அட்டையைத் தட்டையாக்கிக் கட்டிக் கொடுத்தேன். தெர்மாகோலை அவர் எடுப்பதில்லை. அதைப் பெரிய பையில் கட்டி மாநகராட்சி வண்டியில் குப்பையைப் பிரித்து வாங்குகிறவரிடம் கொடுத்தோம். எரித்துவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வேண்டாம் என்றேன், கரும்புகை தெருவையே அடைக்கும். பரணில் என் மனைவி அன்றைக்கே திருவிழாப் பாத்திரங்களை ஏற்றிவிட்டாள்.

இன்னொரு பெட்டி பாக்கி இருக்கிறது. போன வாரம் ஆன்லைனில் வாங்கிய மார்பிள் கட்டர். அது வந்த அட்டை, தெர்மாகோல், பை, கேபிள் சுற்றிய பாலிதீன், ஒட்டுத்தாள் உட்பட எதையும் நான் தூக்கிப் போடவில்லை, ஏனென்றால் திருப்பி அனுப்புவதாக இருந்தால் வந்தபடியே எல்லாம் இருந்தால்தான் எடுப்பார்கள். தினமும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்கிறேன். மூன்றாம் நாள் கியர் பக்கம் மெல்லிய இரைச்சல் ஒன்று கேட்டது, நேற்று கேட்கவில்லை. தண்டு ஆடுகிறதா என்று பார்க்க ஆசாரி அண்ணனை வரச் சொல்லியிருக்கிறேன். திருப்பி அனுப்புகிற கெடு வியாழக்கிழமை முடிகிறது. அதுவரை பெட்டி மேசைக்கு அடியில் இருக்கும்.